பாட்டி பின்னிய லேஸ் உங்கள் கைக்கு வந்தால்

பழைய பெட்டியைத் திறந்ததும் கை நேராகப் போவது சோப்புத் தூளுக்குத்தான். மஞ்சள் பூத்த மேசை விரிப்பு, மடிப்பில் பழுப்புக் கோடு, அந்துருண்டை வாசனை. இதையெல்லாம் பார்த்தால் யாருக்கும் உடனே துவைக்கத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அறுபது எழுபது வருடம் தாங்கிய பின்னல், சரியாக ஊற வைக்கத் தெரியாத ஒரே காலையில் பிய்ந்துபோகும். துவைத்தபின் வருத்தப்பட்டுப் பயனில்லை.

நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள், அம்மாவோ பெரியம்மாவோ விட்டுப்போன பொருள்களை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருப்பவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே பின்னத் தெரிந்தவர்கள் தைத்துச் சரிசெய்யும் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

முதலில் என்ன வேலை என்று பாருங்கள்

நம் வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு வகை. டிவி மேலும் பிரிட்ஜ் மேலும் போட்ட விரிப்புகள், தலையணை உறை ஓரம், அன்னமும் மயிலும் பின்னிய ஜன்னல் திரை, இவையெல்லாம் குரோஷா. குழந்தைக்குப் பின்னிய குல்லா, காலுறை, ஊட்டிக் குளிருக்கான ஸ்வெட்டர், இவை பெரும்பாலும் இரண்டு நீள ஊசிகளில் பின்னும் நிட்டிங். ஞானஸ்நான உடை, முதல் நற்கருணை முக்காடு, கோயில் பீட விரிப்பு ஆகியவற்றின் ஓரத்தில் உள்ள மெல்லிய வலை வேலைதான் லேஸ். யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் அதை ரேந்தை என்பார்கள். நான்காவது, கடையில் வாங்கித் தைத்த இயந்திர லேஸ். அதையும் பாட்டி பின்னியது என்றே நம்பிக்கொண்டிருப்போம்.

கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் என்றால் லேஸை இன்னும் கவனமாகப் பாருங்கள். லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களில் நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையும் கூடவே போனது. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது; அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855இல்தான். அதற்கு முன்பே ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் கையில் சொந்தக் காசைக் கொண்டுவந்த வேலை இது. உங்கள் வீட்டில் இருப்பது அந்த வரிசையில் வந்ததா என்பதை வெறும் துணியை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த ஊர்க்காரப் பாட்டியின் லேஸை ‘பழைய துணி’ என்று போகியன்று நெருப்பில் போடுவதற்கு முன் ஒருமுறை பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

பிரித்தறியும் வழி இதுதான். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கறுப்புத் துணி மேல் விரித்து, பெரிதாக்கிப் பாருங்கள். போன் கேமராவே போதும்.

குரோஷாவில் சங்கிலி தெரியும். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி, அதன் மேல் தூண்போல நிற்கும் பின்னல்கள். நிட்டிங்கில் மேலிருந்து கீழாக வி வடிவங்கள் வரிசை வரிசையாக இறங்கும். தலையணை வைத்து, குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் நூல் சுற்றிச் செய்யும் பாபின் லேஸில் கண்ணியே கிடையாது. நூல்கள் துணி நெசவுபோலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், சில இடங்களில் சடைபோல முறுக்கிக்கொள்ளும். நாகர்கோவில் லேஸ் இந்த வகை. இலங்கையில் காலிப் பக்கம் பீரலு என்று சொல்வதும் இதே வேலைதான். சின்னச் சின்ன வளையங்களும், அவற்றின் ஓரத்தில் குட்டிக் காதுகளும், ஒவ்வொரு பின்னலும் முடிச்சுப்போல இறுக்கமாகவும் இருந்தால் அது டாட்டிங் என்னும் முடிச்சு லேஸ்.

இயந்திர லேஸ் என்றால் பூ ஒவ்வொன்றும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இருக்கும். ஒரு பூவில் பிழை இருந்தால் அடுத்த பூவிலும் அதே இடத்தில் அதே பிழை இருக்கும். பின்பக்கம் வெட்டிய நூல் நுனிகள் பிசிறாக நிற்கும். கைவேலையில் பிழை ஓர் இடத்தில் வரும், அடுத்த இடத்தில் வராது. அசல் குரோஷாவை அப்படியே பின்னித் தரும் இயந்திரம் சந்தையில் இல்லை என்பதால், அது நிஜமான குரோஷாதான் என்று தெரிந்துவிட்டால் யாரோ ஒருவர் உட்கார்ந்து பின்னியதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

அடுத்தது நூல்

பருத்தியா, கம்பளியா, அக்ரிலிக்கா என்று தெரியாமல் தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள். உள்பக்கம் மறைத்து விட்ட நூல் நுனியில் அரை அங்குலம் கத்தரித்து, இடுக்கியில் பிடித்து, சமையலறைத் தொட்டிக்கு மேல் தீக்குச்சியைக் காட்டுங்கள். காகிதம்போல எரிந்து லேசான சாம்பல் விழுந்தால் பருத்தி. முடி கருகும் நாற்றம் வந்து, கறுப்பு உருண்டை விரலில் நொறுங்கினால் கம்பளி அல்லது பட்டு. உருகிச் சொட்டி, கெட்டியான மணியாக இறுகினால் அக்ரிலிக், இல்லையென்றால் வேறொரு செயற்கை நூல். கடைகளில் ‘உல்லன்’ என்று விற்கும் நூலில் நிறைய அக்ரிலிக்தான். அதனால் ஸ்வெட்டர் என்றாலே கம்பளி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிறகு வலுவைப் பாருங்கள். ஓரத்தில் ஓர் இழையை நகத்தால் மெல்ல அசைத்தால் போதும். உலர்ந்த வைக்கோல்போலப் பட்டென்று முறிந்தால் அந்தத் துணி தண்ணீரைத் தாங்காது. அதைத் துவைக்காமலே பத்திரப்படுத்துவதுதான் வழி. சாயம் இருந்தால், ஈரமான வெள்ளைப் பஞ்சை ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் அதையும் துவைக்கக் கூடாது. சிவப்பு நூல்தான் பெரும்பாலும் ஏமாற்றும்.

துவைப்பது

பருத்தி வலுவாக இருக்கிறது, சாயமும் போகவில்லை என்றால் துவைக்கலாம்.

அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்று, சுத்தமான கொசுவலைத் துண்டு ஒன்று, தடித்த துவாலை இரண்டு வேண்டும். வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம். ‘டெலிகேட்’ என்று போட்டிருந்தாலும் சரி, வலைப்பைக்குள் போட்டாலும் சரி, வேண்டாம்.

தண்ணீர் முக்கியம். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் வெள்ளை லேஸ் துவைக்கத் துவைக்க மஞ்சளாகும். கடைசி அலசலுக்காவது ஆர்.ஓ. தண்ணீரோ மழைத்தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். முழுத் துவையலுக்கும் அதே தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது.

கொசுவலை மேல் பின்னலை விரித்து, வலையோடு சேர்த்துத் தண்ணீரில் இறக்குங்கள். முதலில் வெறும் தண்ணீரில் அரை மணி நேரம். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறினால் கலங்க வேண்டாம், பழைய பருத்தி சிதைந்து சேர்ந்த மஞ்சள்தான் வெளியே வருகிறது. அதைக் கொட்டிவிட்டு, வாசனையோ வெளுப்பானோ சேர்க்காத திரவ சோப்பில் சில சொட்டு விட்டு மறுபடி ஊற வையுங்கள். தேய்க்கக் கூடாது, கசக்கக் கூடாது, பிழியக் கூடாது. உள்ளங்கையால் மேலிருந்து மெல்ல அழுத்தி விட்டால் சோப்புத் தண்ணீர் தானே உள்ளே போய் வரும். நுரை துளியும் தெரியாத வரை அலசுங்கள். எப்போதும் வலையின் நான்கு முனையைப் பிடித்தே தூக்க வேண்டும். ஈரப் பின்னலை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினால் தண்ணீரின் எடை முழுவதும் அந்த நாலு கண்ணியில்தான் விழும். பெரிய விரிப்புகள் கிழிவது துவைக்கும்போது அல்ல, தூக்கும்போது.

துவாலை மேல் வைத்து, இன்னொரு துவாலையால் ஒற்றி எடுத்து, நிழலில் விரித்தபடியே மின்விசிறிக் காற்றில் காய விடுங்கள். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் வட்ட விரிப்பு முட்டை வடிவம் ஆகிவிடும். ஈரம் இருக்கும்போதே ஓரத்து வளைவுகளை விரலால் இழுத்துச் சீர் செய்துவிட்டால் இஸ்திரி போடவே தேவை இருக்காது.

கம்பளியில் இரண்டு எச்சரிக்கை. ஊறும் தண்ணீரும் அலசும் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு, கூடவே கசக்கலும் சேர்ந்தால் கம்பளி சுருங்கிக் கெட்டியாகிவிடும், பிறகு எதைச் செய்தும் விரியாது. என்சைம் கலந்த சலவைத் தூளும் ஆகாது. கறையைத் தின்னும் அந்த என்சைம் கம்பளியையும் பட்டையும் சேர்த்தே தின்னும். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர் நிறக் கம்பளிக்கு அருமையானது. வெள்ளைக்கு வேண்டாம், பழுப்பு ஏறும்.

கறை

ப்ளீச்சிங் பவுடர் கலந்த எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். பருத்தியை உள்ளிருந்து பலவீனமாக்கும், கம்பளியையும் பட்டையும் கரைத்தே விடும். இரும்புத் துருக் கறை மேல் பட்டால் கறை இன்னும் அழுத்தமாகப் பதியும். பொதுவான மஞ்சளுக்கு, பருத்தி வலுவாக இருந்தால் மட்டும், சோடியம் பெர்கார்பனேட் அடிப்படையிலான ஆக்ஸிஜன் வெளுப்பானைச் சிறிதளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து ஒரு மணி நேரம் ஊற விடலாம். துருப் புள்ளிக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சிட்ரிக் அமிலம் கரைத்து, பஞ்சால் ஐந்து நிமிடம் ஒற்றி, உடனே பல தடவை அலசுங்கள். எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போடும் பழைய கைவைத்தியத்திலும் வேலை செய்வது அமிலம்தான். வெயிலில் காய்ந்தால் அந்த அமிலம் இழையையும் அரிக்கும். ஆகவே அது வேண்டாம்.

பூஞ்சையின் கறுப்புப் புள்ளிகள் போகாது. மூக்கை மூடிக்கொண்டு, வெளியில் வைத்து மென்மையான பிரஷ்ஷால் தட்டி விடுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். சொட்டு நீலம் போட்டால் மஞ்சள் மறைவதுபோலத் தெரியும், ஆனால் தடித்த இடத்தில் நீலத் திட்டாக நிற்கும். என்னைக் கேட்டால், சுத்தமான பழுப்பு லேஸ் பார்வைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

கஞ்சியும் இஸ்திரியும்

இதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. விரிப்பு விறைப்பாக நிற்க ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு, காய வைத்து, அப்படியே மடித்து பீரோவில் வைப்போம். ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் கஞ்சி என்றால் விருந்து. கஞ்சியைத் தின்னும்போது நூலையும் சேர்த்தே அரிக்கும். கூடை, அன்னப்பறவை போன்றவற்றைச் சர்க்கரைப் பாகில் தோய்த்து நிமிர்த்தி வைப்பதும் உண்டு, அதற்கு எறும்பு வரும். மேசையில் விரிக்கும் நாள்களுக்குக் கஞ்சி போடுங்கள். பெட்டிக்குள் போகும் முன் முழுக்கக் கழுவிவிடுங்கள். பரம்பரைப் பொருளைக் காக்க ஒரே ஒரு காரியம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

இஸ்திரி கட்டாயம் வேண்டுமானால், துவாலையை இரண்டாக மடித்து, பின்னலைக் குப்புறப் போட்டு, மேலே வெள்ளைத் துணி வைத்து அழுத்தி அழுத்தி எடுங்கள். இழுத்துத் தேய்க்கக் கூடாது. பூ இதழ்கள் துவாலைக்குள் புதைந்து எழும்பியபடியே இருக்கும். அக்ரிலிக்குக்கு இஸ்திரியே கிடையாது. ஒரு தடவை சூடு பட்டால் தொளதொளவென்று தொய்ந்துவிடும், திரும்ப உயிர் வராது.

தைத்துச் சரிசெய்வது

ஓட்டை எங்கெங்கே என்று துவைக்கும் முன்பே பார்த்து, வண்ண நூலால் அடையாளம் கட்டுங்கள். நிட்டிங்கில் ஒரு கண்ணி நழுவினால் அது ஏணிப்படி மாதிரி கீழ்வரை பிரிந்துகொண்டே போகும். கண்டவுடன் அந்தக் கண்ணியில் ஒரு துருப்பிடிக்காத ஊக்கைக் கோத்து நிறுத்துங்கள், மற்றதெல்லாம் அப்புறம். குரோஷா ஊசி ஒன்று இருந்தால் பிரிந்த குறுக்கு நூல்களை ஒவ்வொன்றாகக் கண்ணிக்குள் இழுத்து மேலே ஏற்றிவிடலாம். இதைச் சிறுபிள்ளைகளே பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள்.

குரோஷா அந்த வேகத்தில் பிரியாது. ஆனால் அறுந்த நுனியை இழுத்தால் பிரியும். அறுந்த இரு நுனிகளையும் வெட்டாதீர்கள். அதே பருமனில் புது நூல் எடுத்து, பக்கத்துக் கண்ணிகளில் கோத்து, விடுபட்ட பின்னல் ஓடிய வழியிலேயே ஊசியால் ஓட்டி, பழைய நுனிகளை உள்ளே மறைத்துவிடலாம். குரோஷா நூலில் எண் கூடக் கூட நூல் மெலியும். 20ஐவிட 40 மெல்லியது. 20ஆம் எண் நூலுக்கு 1 முதல் 1.25 மில்லிமீட்டர் எஃகு ஊசி சரியாக இருக்கும். பளீர் வெள்ளை பழைய பின்னலில் தனியாகத் துருத்தித் தெரியும் என்பதால் க்ரீம் நிற நூல் உருண்டையாகப் பார்த்து வாங்குங்கள். பழைய துணியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி நிறம் ஒப்பேற்ற வேண்டாம், அந்தத் துவர்ப்பு நாளாவட்டத்தில் இழையைக் கெடுக்கும்.

பாபின் லேஸ் கிழிந்திருந்தால் பின்னித் தைக்க முயலவே வேண்டாம். பின்னால் மெல்லிய வலைத்துணி ஒட்டுப் போட்டு, நுண்ணிய நூலால் அங்கங்கே பிடித்து நிறுத்தினால் போதும். நாளை விவரம் தெரிந்த ஒருவர் கையில் கிடைத்தால் அதைப் பிரித்துவிட்டுச் சரியாகச் செய்வார். பசை, டேப் எதுவும் கூடாது.

பத்திரப்படுத்துவது

பலமுறை துவைத்துக் கஞ்சி போன பழைய வேட்டிதான் மிகச் சிறந்த உறை. பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை வந்துவிடும். செய்தித்தாளும் சாதா அட்டைப்பெட்டியும் மரப்பலகையும் அமிலம் விடும். பட்ட இடமெல்லாம் பழுக்கும். இரும்பு பீரோவானால் துரு படாமல் அடியில் துணி விரிக்க மறக்காதீர்கள்.

சிறிய விரிப்புகளை மடிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் வேட்டித் துண்டு வைத்து அடுக்குங்கள். நீளமான லேஸையும் பெரிய விரிப்பையும் துணி சுற்றிய குழாயில் சுருட்டுங்கள். மடித்தே ஆக வேண்டுமென்றால் மடிப்புக்குள் துணிச்சுருள் வைத்து, அடுத்த முறை மடிப்பை வேறிடத்துக்கு மாற்றுங்கள். ஸ்வெட்டரை ஹேங்கரில் மாட்டக் கூடாது, தோள் இறங்கிவிடும்.

அந்துருண்டை பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நாப்தலின் வாசனை ஏறிய குல்லாவையோ போர்வையையோ கைக்குழந்தைக்கு அப்படியே போடாதீர்கள். ஜி-6-பி-டி என்ற என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை கடுமையாகலாம். குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிவதில்லை. குழந்தைத் துணி இருக்கும் பெட்டியில் நாப்தலினே வேண்டாம். வசம்பு, காய்ந்த வேப்பிலை, இவற்றைத் துணியில் முடிந்து, லேஸில் படாமல் மூலையில் வைக்கலாம். ஆனால் அவற்றை முழுக்க நம்பியிருக்கவும் வேண்டாம். கம்பளியில் அந்துப்பூச்சி விழுந்துவிட்டால் உறுதியான வைத்தியம் பிரீசர்தான். காற்றுப் புகாத கவரில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை மாசியில், எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழல் காற்றில் ஒரு நாள் உலர்த்துவது நல்ல வழக்கம். குமரி மாவட்டத்தில் இரண்டு மழையும் உண்டு, அங்கே ஆவணி வாக்கிலும் ஒருமுறை பாருங்கள்.

சட்டம் போட்டு மாட்ட விரும்பினால் துவைத்த பருத்தித் துணி மேல் தைத்து நிறுத்தி, கண்ணாடி படாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள். வெயில் விழும் சுவர் வேண்டாம்.

எழுதி வைப்பது

பின்னியவர் உயிரோடு இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன் இதைச் செய்யுங்கள். பின்னலை அவர் கையில் கொடுத்து, போனில் பதிவைப் போட்டுவிட்டு, “இது எப்போது பின்னினது? நூல் எங்கே வாங்கினீங்க? டிசைன் யார்கிட்ட இருந்து வந்தது?” என்று கேளுங்கள். பேச்சு கல்யாணம், வாடகை வீடு, சண்டை போட்ட நாத்தனார் என்று எங்கெங்கோ போகும். போகட்டும், நிறுத்தாதீர்கள்.

அளவுகோலைப் பக்கத்தில் வைத்து முன்பக்கம், பின்பக்கம், ஒரு மூலை என்று படம் எடுங்கள். வெள்ளைப் பருத்தி நாடாவில் பென்சிலால் பெயர், ஊர், தோராயமான வருடம் எழுதி, ஓரத்தில் இரண்டு தையல் போட்டுப் பிடியுங்கள். பால்பாயின்ட் பேனா மை கசியும்.

டிசைனையும் எடுத்து வையுங்கள். அன்னமும் மயிலும் உள்ள ஃபிலே வகை என்றால் மிக எளிது. அது முழுக்கக் கட்டம்தான், நிறைந்த கட்டம் அல்லது காலிக் கட்டம். கிராஃப் தாளில் நிறைந்ததை மட்டும் கறுப்பாக்கிக்கொண்டே போனால் புள்ளிக் கோலத்தை நோட்டில் எடுத்துக்கொள்வதுபோல டிசைன் அப்படியே வந்துவிடும். வட்ட விரிப்புக்கு நடுவிலிருந்து ஒவ்வொரு சுற்றாக எண்ணி எழுதுங்கள். பாட்டி எழுதி வைத்த குறிப்பு கிடைத்தால் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: நம் பழைய குறிப்புகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் முறை. அதில் ‘ட்ரெபிள்’ என்பது இன்றைய யூடியூப் வீடியோக்களின் அமெரிக்க முறையில் ‘டபுள் குரோஷே’. இது தெரியாமல் பின்னினால் விரிப்பு கிண்ணமாகக் குவிந்துவிடும்.

பங்கு

நாலு பிள்ளைகள், ஒரே மேசை விரிப்பு என்று வரும்போது வெட்டிப் பங்கு போடும் யோசனையை யாராவது சொல்வார்கள். தனித்தனிப் பூக்களாகப் பின்னி இணைத்த விரிப்பு என்றால் இணைப்பு நூலை மட்டும் பிரித்துப் பூக்களைப் பகிர்ந்துகொள்ளலாம், அதில் நஷ்டமில்லை. நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வளர்ந்த விரிப்பை எங்கே வெட்டினாலும் பிரியும். அதை உண்மையாகவே கவனித்துக்கொள்ளக்கூடிய ஒருவரிடம் விட்டுவிட்டு, மற்ற மூவருக்கும் அந்தக் கிராஃப் தாளின் நகலும் பதிவு செய்த பேச்சும் கொடுங்கள். யாராவது அதைப் பார்த்துப் புதிதாகப் பின்னினால், அந்தப் புதிய விரிப்பின் நாடாவில் பின்னியவர் பெயரையும் வருடத்தையும் எழுதி, இது எந்த விரிப்பைப் பார்த்துப் பின்னியது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். இல்லையென்றால் இருபது வருடம் கழித்து எது அசல், எது நகல் என்று அடுத்த தலைமுறை சண்டை போடும்.